அப்பாவின் போனில் கோளாறில்லை

வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவன் என்பதால் அலுவலகத்தில் அவனுக்குப் ‘பட்டதாரி’ என்றே பெயர். கேலிக்குத்தான் வைத்தார்கள், அவனுக்கு உள்ளூர இனித்தது. ரத்த தானம் செய்வோர் பெயரைப் பதியும் இணையதளம் ஒன்று அவர்கள் பொறுப்பில் இருந்தது. அதன் தரவுத்தளத்தை விண்டோஸ் சர்வரிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு மாற்றும் வேலை தன் தலையில் விழுந்தபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

மாற்றி முடித்ததும் தன் பெயரைத் தேடினான். ரத்த வகை, தொலைபேசி எண் எல்லாம் அச்சு அசலாக வந்து நின்றன.

“முடிஞ்சுதுக்கா. பழைய சர்வரை அழிச்சிடலாம்” என்றான், ‘அக்கா’ என்று எல்லோரும் கூப்பிடும் மேலதிகாரியிடம்.

“எல்லாத்தையும் பாத்தியா?”

“ஒண்ணு விடாம பாத்தாச்சு.”

அப்போது அப்பா கூப்பிட்டார். மகன் வேலை பார்க்கும் தளம் என்று அவர் போனை நீட்டிக் காட்டாத ஆள் ஊரில் பாக்கியில்லை.

“தம்பி, ரத்த தானத்துக்கு நான் பதிஞ்சேனே, அதுல என் பேரு இருந்த இடத்துல வெறும் கேள்விக்குறியா நிக்குது. பக்கத்து வீட்டுக்காரன் சிரிக்கிறான்பா.”

“உங்க போன் டப்பா போன்பா. அதுல தமிழ் ஒழுங்கா வராது. உங்களுக்குப் புரியாது, வைங்க.”

“சரிப்பா. நீ சொன்னா சரிதான்.”

அந்தச் ‘சரிதான்’ உறுத்தியது. அப்பாவின் எண்ணைப் போட்டுத் தேடினான். கேள்விக்குறிகள். தமிழில் பதிந்த அத்தனை பேரும் அப்படியே. தரவை வெளியே எடுக்கும்போது தமிழ் எழுத்துக்கான அமைப்பைத் தர மறந்திருக்கிறான். அவன் பெயர் மட்டும் தப்பியது எப்படி? அவன் ஆங்கிலத்தில் பதிந்திருந்தான், பின்னால் பட்டத்தையும் ஒட்டி.

நிஜப் பெயர்கள் இனிப் பழைய சர்வரில்தான். அக்காவின் விரல் விசைப்பலகைக்குப் போய்விட்டது.

“அக்கா, அழிக்காதீங்க!”

அறையே திரும்பியது. “ஏன்?”

“நான்… என் பேரை மட்டும்தான் பாத்தேன்க்கா.”

“பட்டதாரி ஆச்சே!” என்றது ஒரு மூலை. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்காததுதான் சுட்டது.

“உக்காந்து மறுபடி எடு. உன் பேரைத் தவிர மத்த எல்லாத்தையும் பாரு.”

பெயர்கள் திரும்பி வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டான்.

“உங்க போன்ல ஒண்ணுமில்லப்பா. தப்பு என்னுது.”

“அடடா, ரிப்பேர் கடையில நிக்கிறேனே! என் மகன் கேட்டவுடனே கோளாறைக் கண்டுபிடிச்சிட்டான்னு இப்பதான் அளந்துட்டிருந்தேன். இவருகிட்ட என்னன்னு சொல்ல?”

“உங்க மகன் தப்புப் பண்ணிட்டான்னு சொல்லுங்க.”

“அதெப்படிப்பா சொல்றது?” அப்பா குரலைத் தாழ்த்தினார். “போன் தானா சரியாயிருச்சுன்னு சொல்லிக்கிறேன்.”