எந்தக் கை, எந்த எலும்பு, எப்படி உடைந்தது

டிரெஸ்ஸருக்கு வாழ்க்கைப்படுகிறவள் ஊரில் உடைகிற எலும்புகளுக்கும் சேர்த்துத்தான் வாழ்க்கைப்படுகிறாள்; பெண் கேட்டு வந்தவர்கள் இதை மட்டும் சொல்லவில்லை.

கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் டிரெஸ்ஸராக இருந்தார். கட்டுப் போடுவதில் கெட்டிக்காரர். கையெழுத்து மட்டும் கோழி கிளறிய குப்பை. அவர் துண்டுக் காகிதங்களில் கிறுக்கிக்கொண்டு வருவதை ரிஜிஸ்தரில் ஏற்றுவது என் வேலை. கான்வென்டில் மதர் விரலில் அடித்து அடித்து வரவழைத்த கையெழுத்து இதற்குத்தான் உதவியது. எந்தக் கை, எந்த எலும்பு, எப்படி உடைந்தது என்று எழுதி, அச்சடித்த சிறு புத்தகத்தைப் பார்த்து நோய்க்கு ஓர் எண்ணும் காரணத்துக்கு ஓர் எண்ணும் போட வேண்டும்.

செவ்வாய்தோறும் டவுனிலிருந்து வெள்ளைக்கார டாக்டர் வந்து வரி வரியாகப் பார்ப்பார். ஒரு தடவை ஓர் எண் தப்பாகிவிட்டது. இன்னொன்று தப்பானால் இவரை உலுவில் இருக்கிற தோட்டத்துக்கு மாற்றும்படி கம்பெனிக்கு எழுதிவிடுவேன் என்றார். உலுவில் காடு உண்டு, அட்டை உண்டு, கான்வென்ட் கிடையாது. என் பெண்கள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். டிரெஸ்ஸர், கணக்கெழுதும் கிராணி வீடுகளில் காலம் தள்ளுகிற அக்கா தங்கைகளுக்கு, திங்கட்கிழமை இரவுகளில் எத்தனை தடவை ரிஜிஸ்தரைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பேன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எந்தக் கை?

மாட்டுவண்டிக்காரர் ஒருவர் வண்டியிலிருந்து விழுந்து, உள்ளங்கையை ஊன்றி, மணிக்கட்டை முறித்துக்கொண்டார். துண்டில் இவ்வளவும் இருந்தது. இடதா வலதா என்பது இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கேட்டேன். எதிரில் ஆள் நிற்பதாக நினைத்து இரண்டு கையையும் தூக்கிப் பார்த்து இடது என்றார். ஒரு கவளம் உள்ளே போனதும் வலது என்றார். மறுநாள் செவ்வாய்.

அடுப்பைத் தணித்துவிட்டு நானே வார்டுக்கு ஓடினேன். கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு கிடந்தவர், இடது கையை வெளியே எடுத்துக் காட்டினார்.

"எந்தக் கைன்னு நான் சொல்லிட்டேன்மா. எப்ப அவிழ்ப்பாருன்னு நீங்க அவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

நின்ற கார்

தோட்டத்துத் துரையின் கார் முன்பக்கம் கைப்பிடி செருகிச் சுற்றினால்தான் கிளம்பும். ஒரு காலை அந்தக் கைப்பிடி திருப்பி உதைத்து, டிரைவரின் வலது முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு முறிந்தது. கையும் எலும்பும் தெரிந்தன. காரணத்துக்குத்தான் எண் தெரியவில்லை. கார் விபத்துக்கு ஓர் எண், யந்திரத்தால் வந்த காயத்துக்கு வேறோர் எண். கார் என்றால் கார்தான் என்றார் இவர். ஓடாத கார் எப்படி விபத்தாகும் என்றேன் நான். சாப்பாடு ஆறிப்போகும்வரை வாக்குவாதம்.

யந்திரம் என்றே எழுதினேன். செவ்வாய்க்கிழமை டாக்டரின் பென்சில் அந்த வரியில் நின்று, பிறகு நகர்ந்தது. டிரைவரைக் கேட்டிருந்தால் அவ்வளவு வாக்குவாதமே வேண்டியிருக்காது.

"கார் நின்ன இடத்திலதான்மா நின்னுச்சு. பறந்தது நானு."

விழுந்தாளாம்

அடுத்து வந்தவள் சின்னப்பொண்ணு, புல்லு வெட்டுகிறவள். இடது கை, சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, நட்டநடுவில் முறிவு. கால்வாயில் விழுந்தாள் என்றது துண்டு. பேனாவை மையில் தோய்த்தவள் அப்படியே வைத்துவிட்டேன். ஆறு வருஷம் எழுதியதில் எனக்கும் கொஞ்சம் எலும்பு தெரியும். விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டுப் பக்கம் போகும். அந்த ஓர் எலும்பு மட்டும் நடுவில் முறிந்தால், பெரும்பாலும் முகத்தைக் காக்கக் கையைத் தூக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இவரைக் கேட்டேன். கங்காணிதான் அவளைக் கூட்டிவந்தான், கட்டுப் போடும்வரை பக்கத்திலேயே நின்றான் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார். அந்தக் கங்காணி துரைக்கு வேண்டியவன்.

பெரிய தர்மவதி என்று என்னை நினைத்துவிடாதீர்கள். எனக்கு இரண்டு பக்கமும் பயம். விழுந்தாள் என்று எழுதினால் எலும்பு தெரிந்த டாக்டர் தப்பைப் பிடித்துவிடுவார். அடித்தார்கள் என்று எழுதினால் துரைக்குக் கோபம் வரும். நடுவில் அவள் வேறு, கட்டு அவிழ்த்ததும் அதே கங்காணியிடம்தான் வேலைக்குப் போக வேண்டும். கஞ்சி கொண்டுபோகிற சாக்கில் வார்டுக்குப் போனேன். வாசலில் கங்காணி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, எப்படி விழுந்தாய் என்று கேட்டேன். அவள் கஞ்சியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"விழுந்தேன்னு கங்காணி சொன்னாரும்மா. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

கையெழுத்து

பிறர் தாக்கியதால் வந்த காயம் என்ற எண்ணைப் போட்டேன். கீழே கையெழுத்துப் போட வேண்டியவர் இவர். ரிஜிஸ்தரை முன்னால் வைத்ததும் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். வேறு எண் போட்டுத் தருகிறாயா என்று கேட்பார், கேட்டால் போட்டுவிடுவேனோ என்று எனக்குப் பயம். அவர் கேட்டது வேறு: சின்னவளுக்குப் பரீட்சை எப்போது என்று. அடுத்த மாதம் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் அந்த வரியில் பென்சிலை நிறுத்தினார். பிறகு வார்டுக்குப் போய்க் கங்காணியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். சின்னப்பொண்ணு அவரிடம் சொன்னாள். அதே வாரம் கங்காணியைத் தோட்டத்தைவிட்டு அனுப்பினார்கள். ரிஜிஸ்தரில் ஒரு தப்பும் இல்லை என்று டாக்டர் இவர் கையைக் குலுக்கினார். இரண்டு மாதம் கழித்துத் துரையின் ஆபீசிலிருந்து உலுவுக்கு மாற்றல் கடிதம் வந்தது. காரணம் எழுதவில்லை, அதற்கு எண்ணும் போடவில்லை. பெண்களைப் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிற என் தங்கையிடம் விட்டோம். பெரியவள் அழவில்லை, சின்னவள் ஸ்டேஷன்வரை என் சேலையை விடவில்லை. திரும்பி வந்து சாமான் கட்டும்போது, அந்த எண் புத்தகத்தை எரித்துவிடலாமா என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் அதை என் கையிலிருந்து வாங்கிப் பெட்டியில் வைத்தார்.

"அங்கேயும் கை உடையும். மேலாகவே இருக்கட்டும், எடுக்கச் சுலபம்."

ஆக, அக்கா தங்கைகளே, தப்பான எண்ணுக்கு எங்களுக்கு வந்தது மிரட்டல் மட்டும்தான், மாற்றல் வந்தது சரியான எண்ணுக்கு.