மூன்றாம் வரிசையின் கடைசி இடம்

நடனக்கூடத்தைத் துடைக்கும் அக்காவுக்குச் சின்ன வயதில் இடது குதிகால் உடைந்து கோணலாகக் கூடிவிட்டது. வீட்டுக்கு வரவேண்டிய ஆட்டம் மொத்தத்தையும் தங்கச்சியே சுருட்டிக்கொண்டாள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அந்தத் தங்கச்சி மூன்றாம் வரிசையின் கடைசியில் நின்று, எண்ணிக்கை பிசகாமல், விரற்கடை நகராமல் பதினோரு வருடம் ஆடினாள். பிறகு ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவள் இடத்தில் யாரும் நிற்கக் கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். மூன்று வருடமாக அந்த இடம் காலி.

இன்று மரத்தரைக்குப் பாலிஷ் போட வந்த தச்சர் அங்கே குந்தித் தடவிப் பார்த்து அக்காவிடம் சொன்னார்.

"இங்க யாரும் நிக்கறதில்லன்னீங்களேம்மா. போன வருஷம் நான் போட்ட பாலிஷ் ரெண்டு குதிகால் அளவுக்குத் தேஞ்சு கிடக்கு. நல்லா மிதிச்சு ஆடின காலு. இடது பக்கம் மட்டும் கொஞ்சம் கோணல்."

அவர் டீ குடிக்கப் போனதும் அக்கா வெறுங்காலோடு அதன்மேல் ஏறி நின்றாள். இரண்டு குதிகாலும் அச்சாகப் பொருந்தின.

தினமும் துடைத்து முடித்ததும் முழங்கால் விண்ணென்று வலிக்கும். வயசாகிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.