ஒரு ஆள் கூடாரம்

நேற்று தேக்காவில் தேநீர் குடிக்கும்போது, என் அலுவலகத்து இளைஞன் ஒருவன் கைப்பேசியை நீட்டினான். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் தனியாகக் கூடாரம் போட்டுத் தங்கினானாம். சம்பளத்தைவிட விலை கூடிய சைக்கிள், பறந்து படமெடுக்க ஒரு கருவி. சாப்பாட்டைக்கூடக் கூடாரத்துக்கே வரவழைத்திருக்கிறான்.

“சோலோ ட்ரிப் லா அங்கிள். மைண்டு ஃப்ரீயாயிடுச்சு.”

மைண்டு என்று ஒன்று இருந்தால் அல்லவா!

அவன்மேல் வெயிலுக்குப் பூசிய கிரீம் மணத்தது. நான் ஒருகாலத்தில் தனியே போன பயணத்துக்கு மூட்டுவலித் தைல வாடைதான். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஜூரோங்கில் கப்பல் பட்டறை வேலை, புக்கிட் பாஞ்சாங்கில் பெற்றோருடன் வாசம். உட்லண்ட்ஸில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். நான் பெரிய ஞானி ஆயிற்றே, கடலோரமாகத் தனியே சைக்கிளில் போய் யோசித்துத்தான் சொல்வேன் என்றேன். இந்த ஊரில் கடற்கரையில் படுத்து யோசிக்கவும் பெர்மிட் வேண்டும். அதையும் பவ்யமாக வாங்கிக்கொண்டேன்.

செம்பவாங், பொங்கோல் தாண்டிச் சாங்கி வருவதற்குள் தொடை இரண்டும் செத்துவிட்டன. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தபோது அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். “நீங்க சமைப்பீங்களா?” என்று சபையில் கேட்டவள். தனியாகச் சிரித்தேன். அங்கேயே முடிவாகிவிட்டது, சரி சொல்லிவிடலாம்.

சாயங்காலம் ஈஸ்ட் கோஸ்ட்டில் கூடாரம் போட்டேன். ரோந்து அதிகாரி, நம்மவர், பெர்மிட்டைப் பார்த்தார்.

“ஒரு ஆள்தானா? வீட்ல ஏதும் பிரச்சினையா தம்பி?”

“கல்யாண விஷயம் சார். யோசிக்க வந்தேன்.”

அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வீட்டு ஃபோன் நம்பரைக் கேட்டார். பள்ளிப் பிள்ளைபோல் ஒப்பித்தேன். என்னைப்போல் ஒரு மடையனை நீங்கள் பார்த்திருக்க முடியாது.

ஒரு மணி நேரத்தில் டாக்சியில் அப்பாவும் அம்மாவும் வந்து இறங்கினார்கள். அம்மா அழுதுகொண்டே சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

“பிடிக்கலைன்னா வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே. அதுக்காகக் கடலுக்கா வரணும்?” என்றார் அப்பா.

பிடித்திருக்கிறது என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் வந்ததே ரோஷம், ஒரு சைக்கிள் பயணம்கூடத் தனியாக விடமாட்டார்களா என்று! உம்மென்று உட்கார்ந்திருந்தேன். என் வீராப்பைச் செருப்பால் அடிக்கவேண்டும். செய்தி உட்லண்ட்ஸ் பெண் வீட்டுக்கும் போனது. “கடலுக்குப் போன மாப்பிள்ளை வேணாங்க” என்று இரண்டே நாளில் பதில் வந்துவிட்டது.

அதன்பிறகு அப்பா என் கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை. என்னை எதற்கும் நெருக்கவும் இல்லை, பயந்துவிட்டார். இன்று அந்த வீடு இல்லை, அப்பாவும் இல்லை. தன்னால்தான் பிள்ளை சாகப் போனான் என்று நம்பியே போய்ச் சேர்ந்தார். இல்லப்பா, அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது என்று நான் கடைசிவரை சொல்லவே இல்லை.