கவிழ்க்காத மங்குகள்

எண்பத்தாறாம் வருடம், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது நடந்தது இது. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் அம்மாவும் பால் வெட்டுகிறோம். நான் நான்காம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் ஒரு வார்த்தை கூட்டவில்லை.

என் அண்ணனுக்குக் கோலசிலாங்கூர் ரோட்டில் ஒரு செடி நர்சரியில் வேலை. லோரியில் செடி ஏற்றி இறக்குவான். ரோஜா, செம்பருத்தி விற்கிற இடம் இல்லை அது. மண்ணே இல்லாமல் கம்பியில் தொங்குகிற செடிகள் இருக்கும். அன்னாசி மாதிரி இலை விரிந்து, நடுக்கிண்ணத்தில் தண்ணீர் நிற்கிற செடிகளும் இருக்கும். கோலாலம்பூர்க்காரர்கள் காரில் வந்து வாங்குவார்கள். அந்த அன்னாசி ஜாதி ஒரே ஒரு தடவைதான் பூக்கும். பூ வாடினதும் குப்பையில் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்ட ஒன்றை அண்ணன் தூக்கி வந்து அம்மாவிடம் கொடுத்தான். அம்மா எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் வைத்து, தினமும் அதன் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினார். அடியில் இரண்டு குட்டியும் விட்டது.

அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். டிங்கி என்றார்கள். கொசு கடித்து வருவதாம். வயது இருபத்திரண்டு.

அவனை மண்ணில் வைத்து மூன்று நாள்கூட ஆகவில்லை. எஸ்டேட் மருந்தகத்தில் மருந்து கொடுக்கிற டிரெசர் லயத்துக்கு வந்தார். நேராக எங்கள் வாசலுக்கு வந்து, செடியை ஒரு தட்டில் சாய்த்தார். கொசுப்புழு நெளிந்தது.

“பாத்தியா? வாசல்லயே கொசு வளத்திருக்க. புள்ள செத்ததுக்கு வேற யாரத் தேடணும்?”

லயமே நின்று பார்த்தது. அம்மா அன்றிலிருந்து சோற்றைத் தொடவில்லை. “நான்தானே தண்ணி ஊத்துனேன்” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா இல்லாத வீடு. அண்ணனும் போய், அம்மாவும் போய்விடுவாரோ என்று பயந்தேன்.

முதல் கோபம் எனக்கு நர்சரி மேல்தான். செடியை மாவுச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே ஒரு அக்கா, பூட்ஸ் போட்டுக்கொண்டு ரப்பர் பைப்பால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, செடி வாங்கவா?”

“திருப்பிக் குடுக்க. இது எங்கண்ணனக் கொன்னுடுச்சு.”

அக்கா பைப்பைக் கீழே போட்டார். “ஐயோ, நீ லோரித் தம்பியோட தங்கச்சியா?”

அவர் கண் கலங்கியதுகூட எனக்கு எரிச்சலாக இருந்தது. கத்தினேன். “இத்தன செடி வச்சிருக்கீங்க, உங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலயே! இதுல கொசு வரும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன?”

“காசு குடுத்து வாங்குறவங்களுக்குச் சொல்லுவோம், புள்ள. குப்பைல போட்ட செடிக்கு யாரு சொல்லுவா? அவன் எடுத்துட்டுப் போனதே எனக்குத் தெரியாது.”

பிறகு ஒரு செடியில் பைப்பை வேகமாக அடித்துக் காட்டினார். பழைய தண்ணீர் முழுக்க வெளியே கொட்டியது. “வாரத்துக்கு ரெண்டு தடவ இப்படி அடிச்சுத் தள்ளிடணும். புழு கொசுவாக ஒரு வாரம் ஆவும், அதுக்கு விடக்கூடாது. மேல மேல ஊத்துனா புழு உள்ளயே கெடக்கும்.” கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தார். “நானும் பால் வெட்டுனவதான். உங்க பக்கம் மங்கெல்லாம் கவுத்துதான வச்சிருக்கீங்க?”

செடிச் சாக்கை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

மரத்தில் பால் வடிகிற கிண்ணத்தைத்தான் மங்கு என்போம். பாலை ஊற்றிக்கொண்டதும் அதைக் கவிழ்த்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் எங்களை வேலை வாங்குகிற மண்டோர் திட்டுவார். ஆனால் எங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கிற பழைய ரப்பர் காட்டில், மரங்களைச் சாய்த்துச் செம்பனை நடுவதற்காகப் பால் வெட்டை நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தது. கடைசி நாள், “கவுக்க வேணாம், அப்படியே விட்டுட்டு வாங்க, கண்ட்ராக்டு ஆளு எடுத்துக்குவான்” என்றார் மண்டோர். நானும் எனக்கு ஒதுக்கிய மர வரிசையை, என் நிரையை, அப்படியே விட்டு வந்தேன். எவனும் வந்து எடுக்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் காட்டுக்குள் போனேன். மரத்துக்கு மரம் மங்கு, மங்குக்கு மங்கு மழைத்தண்ணீர், அதில் புழு. ஒரு போத்தலில் பிடித்துக்கொண்டு டிரெசரிடம் ஓடினேன். அவர் போத்தலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அது எஸ்டேட் சாமான். உன்னை யாரு அங்க போகச் சொன்னா?”

“எங்கம்மா செடிய மட்டும் சாய்ச்சுப் பாத்தீங்களே, ஐயா?”

“வாய் ரொம்ப நீளுது. மரம் எப்படியும் விழத்தான போவுது, போ.”

தாலி இழந்தவள் வாசலில் ஒரே ஒரு செடி கண்ணில் படுகிறது, லயத்தை ஒட்டி ஒரு காடே நிற்பது கண்ணில் படவில்லையா? எங்களைத் தட்டிக்கேட்கலாம், நிர்வாகத்தைக் கேட்க முடியாது. அதுதானே விஷயம்!

வீட்டுக்குப் போய் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அம்மா முதல் மங்கை எட்டிப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். அப்புறம் கவிழ்க்க ஆரம்பித்தார். நான் அடுத்த நிரையில் இறங்கினேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். மங்கைக் கவிழ்த்துக்கொண்டே அம்மா கேட்டார். “எந்தக் கொசுன்னு யாருக்குடி தெரியும்?”

அன்று சாயங்காலம் இரண்டு வாய் சோறு சாப்பிட்டார்.

அம்மா கேட்டதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். அம்மாவின் செடியாக இருக்கலாம், நான் கவிழ்க்காமல் விட்டு வந்த மங்காகவும் இருக்கலாம். என் தப்பை நான் மறைக்கவில்லை. ஆனால் யாருக்கும் தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி, பிள்ளையைப் பறிகொடுத்தவள் தலையில் ஊர் பார்க்கக் கட்டிவிட்டுப் போன அந்த டிரெசர், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று இன்றுவரை வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.