நாத்தனார் வளைகாப்பில் எனக்குப் போட்ட வளையல்

அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டு டிவியில் பிள்ளை பெறுவதைப் பற்றித்தான் பேச்சு. ஜனத்தொகை குறைகிறது, குறைந்தால் டெல்லியில் நம் குரலும் குறைந்துவிடும், ஆகவே பெற்றுக்கொள்ளுங்கள் என்று ஒரு கட்சிக்காரர் சொல்வார். பெற்றால் என்ன தருவீர்கள் என்று இன்னொருவர் மடக்குவார். மூன்றாவது பிள்ளைக்கு உதவித்தொகை கொடுக்கலாம் என்று வேறொருவர் யோசனை சொல்வார். பேசியவர்கள் எல்லோரும் ஆண்கள். நான் துணி மடித்துக்கொண்டே கேட்பேன்.

"நம்ம ஸ்டேட்டு மொத்தத்துக்கும் இருக்கறதே ஒரு எம்.பி. சீட்டு. அதுல எதக் கொறைப்பானுங்க?" என்றார் அத்தை. அத்தை என்றால் என் கணவரின் அம்மா. சொல்லிவிட்டு என் வயிற்றைப் பார்த்தார்.

பள்ளியில் சிறுகுடும்பத்தின் நன்மைகள் பற்றிக் கட்டுரை எழுதி எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவள் நான். சொன்னதைச் செய்தே பழகியவள். இப்போது மாற்றிச் சொல்கிறார்கள் என்றால் அதையும் செய்ய வேண்டுமோ என்று உண்மையாகவே குழம்பினேன்.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை. கணவருக்கு ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். கல்யாணத்துக்கு முன் நான் வேலை பார்த்த தட்டாஞ்சாவடி மருந்துக் கம்பெனியிலிருந்து, ஜூனில் மறுபடி லேபில் சேர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். கணவரிடம் மட்டும் சொன்னேன். "பாக்கலாம்" என்றார். பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவரிடம் கேட்கத் தயங்கி, நானே பல அர்த்தம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நாத்தனாருக்கு வளைகாப்பு. அவள் புகுந்த வீடு பிள்ளைச்சாவடி. அங்கேயே பக்கத்தில் ஒரு ஹால் எடுத்திருந்தார்கள். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. பந்தியில் என் எதிரே பாரிஸிலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பெரியம்மா உட்கார்ந்திருந்தார்.

"அங்கெல்லாம் புள்ள பெத்தா அரசாங்கமே மாசாமாசம் பணம் போடுது. கிரெஷ் இருக்கு. காலைல புள்ளைய விட்டுட்டு வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் கூட்டிக்கலாம்."

"அப்ப ஆளுக்கு நாலு பெத்துக்குறாங்களா பெரியம்மா?" என்று பக்கத்து இலையில் ஒருத்தி கேட்டாள்.

"எங்க? என் மருமவ ஒண்ணோட நிறுத்திட்டா. கேட்டா, நாய் வளக்கப் போறேங்கறா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்த கிரெஷ்ல எந்த வயசுலேர்ந்து சேத்துப்பாங்க? புள்ளைக்கு ஜுரம்னா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"உனக்கு எதுக்கும்மா அது? அதான் உன் மாமியாரு குத்துக்கல்லாட்டம் இருக்காங்களே!"

அதற்கும் சிரித்தார்கள். அத்தைதான் அதிகம் சிரித்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கர்ப்பிணிக்கு வளையல் அடுக்கி முடித்ததும், அடுத்து உண்டாக வேண்டிய ஒருத்தியை அவள் பக்கத்தில் உட்காரவைத்து அவளுக்கும் வளையல் போடுவார்கள். பெரும்பாலும் பிள்ளை இல்லாதவளாக இருப்பாள். அன்று அத்தை, "எங்க வூட்டு மருமவள உட்கார வைங்க" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் என் கன்னத்தில் சந்தனம் பூசியாகிவிட்டது. உட்கார்ந்தேன். நாத்தனார் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கு அது சந்தோஷம்.

கையில் வளையல் ஏறிக்கொண்டிருக்கும்போது மகள் வந்து புடவையை இழுத்தாள். "அம்மா, ஒண்ணுக்கு."

எழுந்தேன். யாரோ தோளை அழுத்தி உட்காரவைத்தார்கள். "பாதியில எழுந்திருக்கக் கூடாதும்மா."

"யாராவது கொஞ்சம் கூட்டிட்டுப் போங்களேன்."

"ஏய், யாராவது புள்ளையக் கூட்டிட்டுப் போங்கடி" என்று ஒருத்தி பின்னால் இருந்தவளிடம் சொன்னாள். அவள் தனக்குப் பின்னால் இருந்தவளிடம் சொன்னாள். அந்த வார்த்தை மட்டும் ஹாலின் கடைசி வரிசை வரை போனது. யாரும் வரவில்லை. மகள் என் காலடியில் நின்றபடியே பாவாடையை நனைத்துக்கொண்டாள்.

"பாரு, தம்பி வரப்போறான்னு இப்பவே எடம் புடிக்குது!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

ஹாலே சிரித்தது. மகள் அழுதாள். அவர்களில் கெட்டவர்கள் யாரும் இல்லை. எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் என்று அவ்வளவு பேரும் மனதார ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார்கள்.

குழந்தையைக் கழுவி வேறு துணி மாட்டிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து கணவருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"சும்மா ஒரு சாங்கியம். உட்காந்துட்டா பொறந்துடுமா?" என்றார்.

"ஜூன்ல நான் வேலைக்குப் போறேங்க."

"பாப்பாவ யாரு பாத்துப்பா?"

"ரெண்டாவது பொறந்தா அத யாரு பாத்துப்பா?"

 "அம்மாகிட்ட நீயே பேசிக்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

திரும்பும்போது வேனில் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், வேலைக்குப் போகிறேன், இரண்டாவது இப்போது வேண்டாம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சண்டை வரும் என்று நினைத்தேன்.

அத்தை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "போ. நான் வேணாங்கல. ஆனா ஓடற புள்ள பின்னாடி என்னால ஓட முடியாது, இப்பவே சொல்லிட்டேன். நானும் மில்லுக்குப் போயிக்கினேதான் மூணு பெத்தேன். எனக்குப் பாத்துக்க ஆளு இருந்துச்சி." கொஞ்ச தூரம் போனதும், "வளையலக் கழட்டிடாத. தானா ஒடையட்டும்" என்றார்.

ஜூனில் சேர்ந்தேன். அடுத்த தெருவில் ஒரு அக்கா தன் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். மகளை அங்கே விடுகிறேன். டிவியில் வேறு விவாதம் வந்துவிட்டது. அத்தை இரண்டாவதைப் பற்றி இப்போது ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமல் இருந்தால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். சாப்பாட்டு வேளையில் அத்தையும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து, குழம்பில் உப்பு சரியா என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம்.

சில நாள் சாயங்காலம் மகள் வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறாள். அந்த அக்கா வீட்டுக்குப் புதிதாக ஒரு கைக்குழந்தை வருகிறது. அதன் தூளியைப் பிடித்து ஆட்டிக்கொண்டே, "நீ போம்மா, பாப்பா தூங்கட்டும்" என்று ரகசியக் குரலில் சொல்கிறாள். நான் அவளுடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.