பச்சை மக் காணாமல் போன வாரம்

என் அக்கா காதணி செய்கிறாள். தங்கத்தில் இல்லை, கடல் கரையில் ஒதுக்கிவிட்டுப் போகும் பிளாஸ்டிக்கில். ஷாம்பு மூடி, உடைந்த வாளி, பல் போன சீப்பு, எதையும் விடமாட்டாள். தினமும் ஒரு மணி நேரம் நடக்கும்படி டாக்டர் சொன்னதால் கடற்கரைக்குப் போனவள்தான். சும்மா நடப்பது அலுப்பாக இருக்கிறதென்று குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். சர்க்கரை குறைந்ததோ இல்லையோ, வீடு நிறைந்துவிட்டது.

பொறுக்கியதை ஒரு வாளித் தண்ணீரில் போடுவாள். மிதப்பது வேலைக்கு, மூழ்குவது குப்பை வண்டிக்கு. பழைய பல் பிரஷ்ஷால் மணலும் உப்பும் போகத் தேய்த்துக் கழுவி, நிறவாரியாகப் பிரித்து, பொடிப்பொடியாக நறுக்கி, மின்சார அடுப்பில் இளக்கி, இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவில் வைத்துக் கார் ஜாக்கியால் அழுத்துவாள். வெளியே வரும் பலகையை மெல்லிய ரம்பத்தால் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்துக் கொக்கி மாட்டினால் தோடு. ஒவ்வொரு ஜோடியோடும் ஒரு சின்ன அட்டை உண்டு. எந்தக் கரையில், எந்தத் தேதியில் கிடைத்தது என்று தன் கைப்பட எழுதுவாள். அந்த அட்டையில் ஒரு பொய் எழுதச் சொன்னால், சொன்னவர் காதை அறுத்துவிடுவாள்.

அத்தான், அதாவது அவள் வீட்டுக்காரர், தபால் நிலையத்தின் பார்சல் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். குப்பையைப் போய்க் காதில் மாட்டிக்கொள்கிறார்களே என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சிரிப்பார். தன் உடம்பில் அதில் ஒரு துண்டுகூட ஏறாது என்று சபதம் வேறு. அவர் வாய்க்கு ஒரு பூட்டு செய்து தரும்படி அக்காவிடம் நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

இப்படி இருக்கையில் ஒரு பாடகர் குழுவின் தலைவி வந்தார். குழுவில் நாற்பது பெண்கள். மூன்று வாரத்தில் கச்சேரி. எல்லோருக்கும் ஒரே பச்சையில் நாற்பது ஜோடி தோடு வேண்டும். தன் கைவேலை முதல் தடவையாக மேடை ஏறப்போகிற சந்தோஷத்தில் அக்கா யோசிக்காமல் தலையாட்டிவிட்டாள். கையிலிருந்த பச்சை இருபத்தாறு ஜோடிக்குத்தான் வந்தது. மீதியைக் கடல் தரும் என்று நம்பினாள்.

கடல் தரவில்லை. நீலம் தந்தது, வெள்ளை தந்தது, ரோஸ் நிறத்தில் ஒரு பொம்மையின் கால்கூடத் தந்தது. பச்சை மட்டும் இல்லை. அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். இரண்டு வாரம் ஓடிப்போனது. அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடையில் ஒரு பச்சை வாளி வாங்கி உருக்கினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று வாயைக் கொடுத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த வாரம்தான் அத்தானின் சாப்பாட்டு டப்பாவுடைய பச்சை மூடி காணாமல் போனது. எலி தூக்கிப் போயிருக்கும் என்றார் அத்தான். மறுநாள் குளியலறையிலிருந்த பச்சை மக்கைக் காணவில்லை. அதுவும் எலியா என்று கேட்டேன். பெரிய எலி என்றார். நான் அதே வீட்டு மாடியில்தான் இருக்கிறேன், குளியலறை எல்லோருக்கும் ஒன்றுதான். மூன்று பேரும் பால் பாத்திரத்தில் மொண்டு குளித்தோம்.

அடுத்த நாள் காலையில் அக்காவோடு நானும் கரைக்குப் போனேன். பாறை ஓரத்தில், அலையில் ஒரு பச்சை மக் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா ஓடினாள். கிட்டே போனதும் அப்படியே நின்றுவிட்டாள். மக்கின் கைப்பிடியில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைப் பாறையில் இறுக்கிக் கட்டியிருந்தது. முடிச்சின் வால் உள்ளே செருகியிருந்தது. கத்தரிக்கோல் இல்லாமல் பிரிக்கவே முடியாத பார்சல் முடிச்சு. எங்கள் வீட்டில் அதைப் போடத் தெரிந்தவர் ஒருவர்தான்.

வீட்டுக்கு வந்து கேட்டதும் அத்தான் திருதிருவென்று முழித்தார். முதலில் மூடியை வீசினாராம், அலை கொண்டுபோய்விட்டதாம். அதனால்தான் மக்கைக் கட்டிப் போட்டாராம்.

"கடல்ல இருந்து எடுத்தா அது கடல் பிளாஸ்டிக்தானே? நீ சாப்பிடாம கிடக்கிறத என்னால பாக்க முடியல."

கோபமாகப் பேச ஆரம்பித்த அக்கா பாதியில் சிரித்துவிட்டாள். சிரித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடலில் குப்பை பொறுக்குகிறவளின் புருஷனே கடலில் குப்பை போட்டார் என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். அதை நான் காப்பாற்றும் லட்சணத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். மக் குளியலறைக்குத் திரும்பியது.

அன்றே அக்கா குழுத் தலைவியிடம் போய், இருபத்தாறு ஜோடிதான் இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னாள். தலைவியின் முகம் சுருங்கிவிட்டது. கூடத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பெண்கள் இரண்டு பிரிவாக, எதிரெதிரே முகம் பார்த்தபடி மேடையில் நின்றிருந்தார்கள். அக்கா கீழே இறங்கி, பார்க்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க இருந்து பாத்தா ஆளுக்கு ஒரு காதுதான் தெரியுது. தெரியிற காதுக்குப் பச்சை போடுங்க, தெரியாத காதுக்கு நீலம் போடுங்க. எங்கிட்ட அம்பத்திரண்டு பச்சைத் தோடு இருக்கு, உங்களுக்கு வேண்டியது நாப்பது."

அப்படியே பாடினார்கள். கச்சேரி முடிந்து எல்லோரும் நேராகத் திரும்பிக் கும்பிட்டபோதுதான் இரண்டு நிறமும் தெரிந்தது. அதுதான் புது நாகரிகம் என்று ஊரே நினைத்துக்கொண்டது. இப்போது ஒரே நிறத்தில் ஜோடி கொடுத்தால் மாற்றித் தரச்சொல்லித் திரும்பி வருகிறார்கள்.

ஒரு மாதம் கழித்து அந்த டப்பா மூடி கரை ஒதுங்கியது. ஓரம் தேய்ந்து, நிறம் வெளுத்து, அத்தான் உள்ளே ஆணியால் கீறியிருந்த முதலெழுத்து மட்டும் மிச்சமிருந்தது. இந்தத் தடவை கயிறு இல்லை. அக்கா அதைக் கழுவி, இளக்கி, அறுத்து, அத்தானின் சட்டைக்கு ஆறு பொத்தான் செய்தாள். சபதம் போட்ட மனுஷன் மூச்சுக் காட்டாமல் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நெஞ்சை நிமிர்த்திப் பொத்தானைக் காட்டுகிறார், தாங்க முடியவில்லை.

பொத்தானோடு வந்த அட்டையைப் பர்ஸுக்குள் வைத்திருக்கிறார். அதிலும் அக்கா பொய் எழுதவில்லை. கரையின் பெயருக்கும் தேதிக்கும் கீழே இரண்டே வரி: "கடலில் போட்டவர் என் வீட்டுக்காரர். எனக்காகப் போட்டார்."