அண்ணி நிரப்பிய பஸ்

எனக்கும் என் அண்ணிக்கும் ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாது. நான் ஜன்னலைத் திறந்தால் அவள் மூடுவாள். டீயில் சர்க்கரை வேண்டாம் என்றால் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கி நீட்டுவாள். ஒரே வீடு, ஒரே சமையலறை, இத்தனை வருடமும் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் வெளியாள் யாராவது அவளைப் பற்றி ஒரு சொல் குறைத்துப் பேசட்டும், அப்புறம் என் வாயைப் பார்க்கலாம். எங்கள் காலனியில் மறுபடியும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் ஸ்கூல் பஸ் ஓட்டுகிற அந்த அண்ணிதான். இதை வேறு யாரும் சொல்லப்போவதில்லை. அவளே சொன்னால் தற்பெருமை. அதனால் நான் சொல்கிறேன்.

நகரம் முடிகிற இடத்தில் இருக்கிறது எங்கள் காலனி. ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் ஒரே சமயத்தில் கடன் வாங்கி, ஒரே சமயத்தில் கட்டிய வீடுகள். எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. கல்யாணமும் அடுத்தடுத்து, பிள்ளைகளும் அடுத்தடுத்து. காலனி நுழைவில் மாடி இல்லாத சின்ன வீடு எங்களுடையது. அதன் முன்னறையில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள் நான். காலனிக்கு வயதாவதை என் டேப்பை வைத்தே சொல்லிவிடுவேன். முதலில் முழங்கால் தெரியும் குட்டி யூனிஃபார்ம்களாகத் தைத்துத் தள்ளினேன். பிறகு எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக வளர்ந்தார்கள், அளவும் ஒன்றாக ஏறியது. பிறகு ஒன்றாகவே நின்றுபோனது. கடைசியில் எனக்கு மிஞ்சியது, ரிட்டயர் ஆனவர்களின் பேன்ட் இடுப்பைப் பிரித்துவிடும் வேலை.

இன்னொன்றும் எல்லோரும் சேர்ந்தே செய்தார்கள். பையன் தலையெடுத்ததும் மேலே மாடி எழுப்பினார்கள். வெளிப்பக்கம் தனிப் படி, தனிச் சமையலறை, தனி கரண்ட் மீட்டர். நாளைக்கு வரப்போகும் மருமகளோடு மனஸ்தாபம் வந்துவிடக் கூடாதாம், அவ்வளவு முன்யோசனை. பையன்கள் படித்தார்கள், விமானம் ஏறினார்கள், அங்கேயே தங்கிவிட்டார்கள். தெருவுக்குத் தெரு மாடிகள் பூட்டிக் கிடந்தன. பூட்டிய மாடியைக் கூட்டிப் பெருக்கப் பெரியவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி ஏறுவதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணி பஸ்ஸுக்கு வந்தது தனிக் கூத்து. முதலில் அந்த வண்டியை ஓட்டியவன் என் அண்ணன். அவனுக்கு முதுகு போய்விட்டது, நெடுநேரம் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்து ஷெட்டிலேயே மெக்கானிக் வேலைக்கு மாறிக்கொண்டான். பிறந்த வீட்டில் சரக்கு டெம்போ ஓட்டிய அண்ணி, அந்த ரூட்டை எனக்குக் கொடுங்கள் என்று போய் நின்றாள். பொம்பளை கையில் பிள்ளைகளைக் கொடுப்பதா என்று காலனியே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனது. தலைமை தாங்கியவர் மூலை வீட்டு இன்ஜினியர். குடியிருப்போர் சங்கத்துக்கு அன்றும் அவர்தான் தலைவர், இன்றும் அவர்தான். ஒரு மாதம் பார்ப்போம் என்றார் பிரின்சிபல். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு முட்டுச் சந்து உண்டு. அண்ணன் அங்கே முன்னும் பின்னும் போய் வேர்த்து வழிந்துதான் வண்டியைத் திருப்புவான். அண்ணி ஒரே மூச்சில் திருப்பினாள். அதைப் பார்த்தபின் பிள்ளைகள் வேறு டிரைவரோடு வர மாட்டோம் என்று அடம்பிடித்தார்கள், இன்ஜினியர் மகள் உட்பட. ஜன்னலோர சீட்டுக்கு தினமும் சண்டை போடும் அந்தப் பெண்ணுக்கு அண்ணி வைத்த பெயர் 'ஜன்னல்'. அண்ணியை எல்லாப் பிள்ளைகளும் அத்தை என்றார்கள்.

ஜன்னல்கள் வளர்ந்து போனார்கள். புதிதாக ஏற யாரும் இல்லை. அவ்வளவு பெரிய பஸ்ஸில் முன்னால் நான்கைந்து குழந்தைகள் மட்டும் ஒட்டிக்கொண்டு போகும். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் பஸ்களைக் கவனிக்கிற பொறுப்பாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் பாதி சீட்டாவது நிறையாவிட்டால் பஸ் காலனிக்குள் போகாது, மெயின் ரோட்டோடு திரும்பிவிடும். அந்தச் சின்ன ரூட்டுக்குப் பெரிய வண்டி வேண்டாம், வேனே போதும், அதற்கு ஆள் இருக்கிறது. அண்ணிக்கு ஆபீசில் வேலை.

அன்றைக்கு அண்ணி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னை ஸ்டூல்ல உக்கார வச்சு போன் எடுக்கச் சொல்றாங்க. நான் போன் எடுக்கப் பொறந்தவளா?" என்றாள்.

கேலி வாய் வரை வந்தது, அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

மறுநாளே களத்தில் இறங்கினாள். பள்ளிக்கூடத்து டீச்சர்களில் பலர் கைக்குழந்தையும் ஸ்கூல் பிள்ளையுமாக வீடு தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். இங்கே மாடி மாடியாகக் காலி. இரண்டையும் சேர்த்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டாள். வண்டியை நிறுத்தியதும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒருவர், குடி வைத்தால் காலி பண்ண மாட்டார்கள் என்றார். இன்னொருவர், பெயின்ட் அடித்த சுவரில் பிள்ளைகள் கிறுக்கும் என்றார். இதெல்லாம் மேலுக்குச் சொன்னது. உள்ளே இருந்தது எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: பையன் வந்தால் எங்கே தங்குவான்? வருடத்துக்கு ஒரு தடவை வந்தாலே அதிகம் என்கிற பையனுக்காக வருடம் முழுக்கப் பூட்டு. ரிட்டயர் ஆனபின் மருந்துக்கடை வைத்த ஒருவர் மட்டும் ஒரு டீச்சருக்குத் தன் மாடியைக் கொடுத்தார். மற்ற வீடுகளில் டீ கிடைத்தது, மாடி கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் மகள், அந்த ஜன்னல், என்னிடம் வந்தாள். அப்பா அம்மாவைப் பார்க்க வந்தவள், தன் மகளின் யூனிஃபார்மைக் கொஞ்சம் இறக்கித் தைக்கக் கொண்டுவந்திருந்தாள். அண்ணி சும்மா இருப்பாளா? ஊர்க்கதை எல்லாம் கேட்டாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறை வீடாம். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்கிறாராம். குழந்தை கூட்ட பஸ்ஸில் நின்றுகொண்டே பள்ளிக்கூடம் போகிறதாம்.

"உங்கப்பா வீட்டு மாடி சும்மாதானே கெடக்கு?" என்றாள் அண்ணி.

"அது அண்ணனுக்குக் கட்டினதாச்சே, அத்தை."

வருத்தமோ கோபமோ இல்லாமல், யாரோ வழி கேட்டதற்குச் சொல்வது போலச் சொன்னாள். எனக்கு ஊசி கையில் நின்றுவிட்டது.

அவள் போனபின் அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டு, பஸ்ஸில் யார் எந்த சீட்டில் உட்கார்ந்தார்கள் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். பையன்களை விட்டுவிட்டுப் பெண்களை மட்டும். இப்போது ஒருத்தி பாலத்துக்கு அந்தப் பக்கம், ஒருத்தி மார்க்கெட் பின்புறம், ஒருத்தி மாமியார் வீட்டில் ஹாலில் திரை கட்டிக்கொண்டு. பையன்கள் கடல் தாண்டிப் போயிருந்தார்கள், பெண்களோ ரயில் பாதையைத்தான் தாண்டியிருந்தார்கள். இத்தனை பேரும் ஒரு பஸ் தூரத்தில் வாடகை வீட்டில் இடிபட்டுக்கொண்டிருக்க, இவ்வளவு நாள் நாங்கள் யாரும் அதை யோசிக்கவே இல்லை.

அண்ணி ஒவ்வொருத்தியாகப் போன் போட்டாள். அப்பா கூப்பிடவில்லையே என்றார்கள். நீ கேட்டாயா என்றாள். இல்லை. அப்படியானால் கேள். சிலர் கேட்டார்கள். ஆனால் வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊர் சிரிக்கும் என்று அவர்கள் புருஷன்மார் முறைத்துக்கொண்டார்கள். அதற்கும் அண்ணியிடம் பதில் இருந்தது. தனிப் படி, தனி மீட்டர், மாமனார் முகத்தில் விழிக்காமலே ஆபீஸ் போய்வரலாம், இதைவிட என்ன கௌரவம் வேண்டும் என்றாள். மருமகளுக்குப் பயந்து வைத்த படி மாப்பிள்ளைக்கு உதவியது. மாப்பிள்ளைகள் இறங்கி வந்தார்கள். அப்பாக்கள்தான் இழுத்தார்கள். எல்லோரும் மூலை வீட்டைக் கை காட்டினார்கள். இன்ஜினியர் கொடுத்தால் நாங்களும் கொடுக்கிறோம் என்றார்கள்.

ஆக எல்லாம் அந்த ஒரு வீட்டில் வந்து நின்றது. அண்ணி என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். இன்ஜினியர் மரியாதையாக உட்கார வைத்தார். அண்ணி விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பையனுக்குன்னு சொல்லிக் கட்டினதும்மா அது. நாளைக்கு அவன் வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது?"

அண்ணி வாயைத் திறக்குமுன் சமையலறை வாசலிலிருந்து அவர் மனைவி பேசினார். அளவு கொடுக்க வரும்போது 'கொஞ்சம் தளர்வா' என்பதற்கு மேல் என்னிடம் பேசியறியாதவர்.

"மாடிச் சுவருக்கு தெனம் தண்ணி ஊத்தினது யாருங்க? அவன் பந்து விளையாடப் போயிடுவான். நம்ம பொண்ணுதான் ஸ்கூல் விட்டு வந்து, யூனிஃபார்ம்கூட மாத்தாம, சின்ன வாளியில தூக்கித் தூக்கி ஊத்தினா. மாடி யாருக்குன்னு அவளையும் கேக்கல, என்னையும் கேக்கல. பையன் வரட்டும். கீழ நம்மகூடப் படுத்துக்கட்டும். நான் பெத்த பிள்ளைதானே?"

சிமென்ட் சுவர் தண்ணீர் குடித்துத்தான் கெட்டியாகும் என்பது இன்ஜினியருக்குத் தெரியாததா? எங்கள் யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார்.

"மேல பாத்ரூம் குழாய் ஒழுகுது. குடி வர்றதுக்குள்ள ஆள் விட்டு மாத்தணும்."

வெளியே வந்ததும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தெரு முனை வரை விடவே இல்லை.

மூலை வீட்டில் சாமான் இறங்கியதைப் பார்த்ததும் மற்ற வீடுகளிலும் பூட்டுகள் திறந்தன. அந்தக் கோடை முழுவதும் காலனிக்குள் சாமான் வண்டி வராத வாரமில்லை. மகள் இல்லாதவர்கள்கூட, நம் வீடு மட்டும் ஏன் இருட்டாகக் கிடக்கவேண்டும் என்று டீச்சர்களைக் கூப்பிட்டுக் குடி வைத்தார்கள். வந்த பிள்ளைகளை எல்லாம் அண்ணியின் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தார்கள். பள்ளிக்கூடம் திறந்தபோது பொறுப்பாளர் மெயின் ரோட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் மிகச் சின்ன அளவு யூனிஃபார்முக்குக் காகிதத்தில் புது மாதிரி வெட்டினேன். எந்தப் பெண்களுக்கு யூனிஃபார்ம் தைத்தேனோ, அவர்களே தங்கள் குழந்தைகளைக் கொண்டுவந்து நிறுத்தி, அளவு எடுக்கும்போது ஆடாதே என்று அதட்டினார்கள். மாலையானால் தெருவில் சத்தம் தாங்காது. பூந்தொட்டி உடைந்துவிட்டது என்று இன்ஜினியர் கேட்டருகே நின்று கத்துவார். கத்திவிட்டு, பந்தை அவரே எடுத்து வீசுவார். எனக்குச் சொல்லத் தெரிந்ததைச் சொல்கிறேன்: என் அண்ணியை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அவளிடம் இதை நான் சொன்னதில்லை, சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

போன மாதம் மூலை வீட்டுப் பையன் பெரிய பெட்டியோடு லீவில் வந்தான். மாடியில் தங்கையின் துணி காய்ந்துகொண்டிருந்தது. கீழே அப்பா அம்மா அறையில் பாய் விரித்துப் படுத்தான். என்ன ஆகுமோ என்று காலனியே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. இத்தனை வருடம் கழித்து மகனோடு ராத்திரி பேசிக்கொண்டே தூங்கினேன் என்று அவன் அம்மா என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் தங்கை மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தான். எங்கள் வீட்டு வாசலில்தான் பஸ் நிற்கும், நான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பழைய ஆசை வந்துவிட்டது போல. குழந்தையோடு தானும் ஏறினான். மெயின் ரோடு வரைக்கும் வருகிறேன் அத்தை என்று சொல்லிக்கொண்டே பின்பக்கம் போனான். கடைசி வரிசை வரை போய்ப் பார்த்தான். அங்கும் குழந்தைகள் நெருக்கியடித்து உட்கார்ந்து அவனை அண்ணாந்து பார்த்தார்கள். மறுபடி முன்னால் வந்து நின்றான்.

அண்ணி கண்ணாடியில் முழு பஸ்ஸையும் ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் கியரைப் போட்டாள்.

"எறங்கு தம்பி," என்றாள். "எடமில்ல."